காந்தத்தை எங்கே வைப்பது

1

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் துணி அலமாரியிலிருந்து. கதவை மூடினால் 'டப்'பென்று பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு சின்னக் காந்தம் இருக்குமே, அதிலிருந்து. அதை நான் கழற்றிய நாளிலிருந்து எங்கள் அலமாரி தானாகத் திறந்துகொள்கிறது. அம்மா மூடுகிறாள். அது திறக்கிறது. கதை முடியும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். நான் எழுத மறந்தாலும் அம்மா மறக்கமாட்டாள்.

கல்லூரி இதழுக்கு என்னிடம் கேட்டது சமூக அக்கறையுள்ள சிறுகதை. என் கைவசம் இருந்தது ஒரு டிரம் பெடல், அதாவது காலால் மிதித்தால் ஒரு கட்டை போய்ப் பெரிய டிரம்மை அடிக்குமே, அது. சமூகம் பெரிய மனசு பண்ண வேண்டும்.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

(அ) அந்தி வானம் சிவந்துகொண்டிருந்த வேளையில் அவள் தன் பெடலை மார்போடு அணைத்தபடி

வேண்டாம். பெடல் கனத்த இரும்பு. அணைத்தால் சட்டையில் கிரீஸ் படும். தவிர, அந்தி வேளையில் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையில் இருப்பாள். வருகிறவர்கள் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுல நல்லா தெரியுதா, இதுலயா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவள் வேலை. வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

(ஆ) டொம்.

ஒலியில் தொடங்கினால் நவீனமாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "டொம்மா? அது தகர டப்பா விழுந்தா வர்ற சத்தம்டா. என் டிரம் தும்முனு வரும். காதுல கேக்காது, வயித்துல கேக்கும்" என்றாள்.

வயிற்றில் கேட்கும் எழுத்து தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை. எனவே,

(இ) நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

அக்கா ஒரு இசைக்குழுவில் டிரம் வாசிக்கிறாள். வாசித்தாள். (எந்தக் காலத்தில் எழுதுவது என்பதுதான் கதையின் பிரச்சினையே. அதை அப்படியே விடுகிறேன்.)

குழுவை நடத்துபவர் கிட்டார்க்காரர். பட்டப்பெயர் கடிகாரம். ஏழு மணிக்கு வரச்சொன்னால் முன்னதாகவே வந்துவிட்டு, மணி ஏழு ஆகும்வரை தெருவில் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கெட்டவர் இல்லை. முதல் வரைவில் அவருக்கு ஒரு வில்லத்தனமான மீசை வைத்துப் பார்த்தேன். கதை அதைத் தாங்கவில்லை, மழித்துவிட்டேன்.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் கடிகாரம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதேம்மா. உன் வலது கால் ஒரு மயிரிழை பிந்துது. எப்பவுமே."

"மயிரிழையா? எப்படி அளந்தீங்க அண்ணா?"

"அளக்கல. தோணுது. அடுத்த நிகழ்ச்சிக்கு லேப்டாப்லயே டிரம் போட்டுக்கலாம்னு பாக்கறேன். அது பிந்தாது."

அக்காவை மாற்ற இன்னொரு ஆளைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு லேப்டாப்!

வீட்டுக்கு வந்ததும் அக்கா அழுதாள்

"நான் எப்போடா அழுதேன்?"

"வாசகர்களுக்கு இரக்கம் வரணும்க்கா."

"வர வேணாம். அந்த வரிய அடிச்சுடு. நான் தோசைக்கல்லத் தேய்ச்சேன்னு எழுது."

அக்கா வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைத் தேய்த்தாள்.* தேய்த்து முடித்துவிட்டு என் அறைக்கு வந்தாள். "உன்கிட்ட ஒரு விளையாட்டு இருக்கே, டிவில பட்டை பட்டையா உருண்டு வருமே. அது காலை அளக்குமா?"

அளக்கும். பாட்டு ஓடும், பட்டை ஒரு கோட்டை நோக்கி வரும், கோட்டைத் தொடும் நேரத்தில் மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் பச்சை. முந்தினால் நீலம். பிந்தினால் சிவப்பு.

அக்கா அங்கேயே நின்று கடிகாரத்துக்குப் போன் போட்டாள். "அண்ணா, மிஷின் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"மிஷின் சொன்னா மறுபேச்சே இல்ல. பச்சை வந்தா நீதான் வாசிக்கறே. ஞாயித்துக்கிழமை வரேன்."

\* தோசைக்கல் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அதை ஏன் தேய்த்தாள் என்று கேட்கும் துணிச்சல் இந்தக் கதாசிரியனுக்கு இல்லை.

4

விளையாட்டோடு வந்த பெடல் பிளாஸ்டிக். அக்கா ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பெடல் இரண்டானது.

"இது செருப்புடா, பெடல் இல்ல. என்னோடதை மாட்டு."

"அதுல ஒயரே கிடையாதுக்கா."

"நீ என்னத்தப் படிக்கறே?"

"வணிகவியல்."

"பரவால்ல, மாட்டு. ஆனா அதுல ஓட்டை போட்டே, உன் மண்டைல ஒண்ணு போடுவேன்."

நிஜ டிரம் பெடலை ஒரு விளையாட்டுக்குப் புரியவைப்பது எப்படி? இந்த இடத்தில் நீங்கள் கொட்டாவி விடலாம், நான் பார்க்கவில்லை. விளையாட்டுக்குக் கால் தெரியாது, இரும்பு தெரியாது. ஒயரின் இரண்டு நுனிகளும் ஒட்டினவா, பிரிந்தனவா, அவ்வளவுதான் தெரியும். அதற்கென்று விரல்நகம் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் விற்கிறார்கள். உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். என் நண்பர்களில் சிலர் காதலில் இப்படித்தான்.

உடைந்த பெடலின் ஒயரை வெட்டி, நுனிகளைச் சீவி, குழாயின் இரு கால்களிலும் பற்றவைத்தேன். முதல் குழாய், காலை வளைக்கும்போதே நொறுங்கியது. இரண்டாவதைப் பிறந்த குழந்தைபோலப் பிடித்துக்கொண்டேன். அதை மிதிபலகையின் ஓரத்தில் டேப் சுற்றி ஒட்டினேன். பலகைக்குப் பக்கத்தில் நிற்கிற இரும்புத் தூணில் காந்தம். இரும்பு என்பதால் அது தானாகவே பிடித்துக்கொண்டது. கால் இறங்கினால் குழாயும் இறங்கும், காந்தத்தைத் தாண்டும், தகடுகள் ஒட்டும், டிவி மிரளும்.

காந்தத்துக்கு எங்கே போனேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"யாருடா அலமாரியத் திறந்து போட்டது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

5

சிவப்பு.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. பாட்டு முழுக்க, ஒரு பச்சைகூட இல்லாமல்.

அக்கா பாட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். அதோடு சரி. அடுத்த நாள் கடைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். எப்போதும் சோற்றைப் பிசையும்போதுகூட மேசைக்கடியில் அவள் வலது கால் ஆடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அது தரையில் சும்மா கிடந்தது. அம்மாகூட மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

(இந்தப் பகுதியில் நகைச்சுவை சேர்க்கப் பார்த்தேன். வரவில்லை.)

6

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தது நான்தான். இதைப் பணிவோடு சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

காந்தத்தைத் தூணின் அடியில் வைத்திருந்தேன். கால் முழுக்க இறங்கித் தரையைத் தொடப்போகும் நேரத்தில்தான் தகடுகள் ஒட்டின. விரலால் காந்தத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஆறுதல் சொல்லக் கூப்பிடறியா?"

"மிதிக்கா, சொல்றேன்."

பச்சை. எல்லாம் பச்சை. அக்காவின் முகம் மலர்வதற்குள், நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினேன். நீலம். எல்லாம் நீலம்.

அதே கால். அதே பாட்டு.

"அப்ப நான் முந்தறேனா, பிந்தறேனா?"

"காந்தம் எங்க இருக்கோ அதைப் பொறுத்துக்கா."

"அடிக்கட்டை டிரம்மோட தோல்ல படற இடம் எதுவோ, அதுக்கு நேரா வை. அதுதானே நியாயம்?"

நியாயம்தான். ஆனால் டிரம் இங்கே இல்லை, கடிகாரத்தின் ஒத்திகை அறையில் இருக்கிறது. இங்கே பெடலின் அடிக்கட்டை வெறும் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. தோலே இல்லாத இடத்தில் அடி எப்போது விழுந்தது என்று யார் சொல்வது?

7

(கட்டுரைத்தனமான பகுதி. அவசரத்தில் இருப்பவர்கள் தாண்டலாம்.)

கதை எழுதுகிறவனும் தூணில் காந்தம் ஒட்டுகிறவன்தான். கொஞ்சம் மேலே தள்ளினால் அக்கா மேதை, கொஞ்சம் கீழே இறக்கினால் கடிகாரம் ஞானி. வாசகர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், என் விரலை

"இதெல்லாம் யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

சரி.

8

முடிவுகள். இவற்றை ஏற்கெனவே எழுதிக் கிழித்தாயிற்று.

முடிவு ஒன்று: நான் காந்தத்தைப் பச்சையில் வைத்துவிடுகிறேன். கடிகாரம் தோற்கிறார். அக்கா வெல்கிறாள். (அக்காவின் கருத்து: "அப்ப ஜெயிச்சது நீ. நான் எங்கடா?")

முடிவு இரண்டு: கடிகாரமே உட்கார்ந்து மிதிக்கிறார். அவருக்கும் சிவப்பு. எல்லோரும் சிரிக்கிறோம். (அக்கா: "பாவம்டா அவரு.")

முடிவு மூன்று: லேப்டாப் பழுதாகி, அக்கா மேடையேறி, கைதட்டல் விண்ணைப் (அக்கா இதைப் படிக்கவில்லை. நானே கிழித்துவிட்டேன். எனக்கும் மானம் உண்டு.)

9

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

கடிகாரம் முன்னதாகவே வந்து தெருவில் நின்றார். ஜன்னல் வழியே பார்த்தேன். மணிக்கட்டைப் பார்த்தார், நின்றார், பார்த்தார், மணி அடித்தார்.

"வாங்க தம்பி. அந்த அலமாரிக் கதவை மட்டும் சாத்திட்டு உக்காருங்க" என்றாள் அம்மா. அவர் சாத்தினார். அது திறந்தது. அவர் மறுபடி சாத்திவிட்டு, நல்ல மனிதராக, கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

பெடலுக்கு முன்னால் அக்கா பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். நான் காந்தத்தைப் பச்சைக்கு நேராக ஒட்டிவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றேன். அக்கா குனிந்து பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். காந்தத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்க் கடிகாரத்தின் கையில் வைத்தாள்.

"நீங்க வைங்க அண்ணா."

"எங்கம்மா வைக்கணும்?"

அக்கா அவர் கையைத் தூணுக்குக் கொண்டுபோனாள். கடையில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்: "இங்க வச்சா பச்சை. இங்க வச்சா சிவப்பு. இதுல சரியா, இதுலயா?"

கடிகாரம் காந்தத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மிஷின்தானே சொல்லும்னு..."

"மிஷின் சொல்லும். ஆனா அதுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கணும். நான் வாசிக்கறேன். கேட்டுட்டு வைங்க."

டிவியில் பாட்டு ஓடியது. காந்தம் இல்லாததால் பட்டைகள் நிறம் மாறாமல் அநாதையாக ஓடின. அக்கா கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். அடிக்கட்டை மெத்தையில் விழுந்தது. தும். (எழுதிவிட்டேன் அக்கா.) எனக்கு வயிற்றில் கேட்டது.

அவள் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். கடிகாரம் கையில் காந்தத்தோடு குனிந்திருந்தார். அவருடைய கால் கட்டைவிரல் செருப்பில்லாமல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. டிவியோடு இல்லை. ஒரு மயிரிழை பிந்தி, அக்காவோடு. பாதிப் பாட்டில் அவரும் அதைக் கவனித்தார். விரல் நின்றது. கொஞ்சம் பொறுத்து, தன் இஷ்டத்துக்கு மறுபடி தட்ட ஆரம்பித்தது.

பாட்டு முடிந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள். கடிகாரம் காந்தத்தைத் தூணுக்கு அருகே கொண்டுபோனார். கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே. வாழ்க்கையில் முதல்முறையாக மணிக்கட்டைப் பார்க்காமல் நேரம் கடத்தினார்.

10

எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அக்கா பிடுங்கிவிட்டாள். "உன் கையில குடுத்தா நீ பச்சையிலதான் வைப்பே. படிக்கறவங்க வைக்கட்டும்."

ஆகவே வாசகரே, காந்தம் இப்போது உங்கள் விரல்களுக்கு நடுவே இருக்கிறது. தூண் முன்னால் இருக்கிறது. அக்கா உங்களைத்தான் பார்க்கிறாள். பாட்டு இன்னொரு தடவை வேண்டுமென்றால் கேளுங்கள், வாசிப்பாள். உங்கள் கால் என்ன செய்கிறது என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப யோசிக்கவும் வேண்டாம். உள்ளேயிருந்து அம்மா சத்தம் போடுகிறாள்:

"எங்கயாச்சும் வச்சுத் தொலைங்க! முடிஞ்சதும் எனக்கு அது அலமாரிக்கு வேணும்!"