மாட வீதியில் ஒரு கைப்பிழை

பங்குனித் திங்களின் பொன்வெயில் மயிலைத் திருக்குளத்து நீரில் தகதகக்க, அறுபத்து மூன்று அடியார்களும் பல்லக்கேறி உலாவரும் காட்சியைக் காண அடையாற்றினின்றும் நொச்சிக்குப்பத்தினின்றும் திரண்டெழுந்த மக்கள், நான்கு மாட வீதிகளிலும் எள் விழ இடமின்றி நிறைந்து, நீர்ப்பந்தர்தோறும் நின்று மோர் அருந்திக் களித்திருந்தனர். ஆகா, எழுபத்திரண்டாம் ஆண்டின் அப்பிற்பகலை என்னென்று உரைப்பேன்! கூட்டத்தில் புகுந்தவர் தம் கால்களால் நடக்கவில்லை. பிறர் தோள்களே அவர்களை நடத்திச் சென்றன.

அவ்வாறு சென்றவர்களுள் ராஜரத்தினமும் அவன் மனைவி சண்முகவடிவும் இருந்தனர். நெல்லையிலிருந்து வந்து தியாகராய நகரில் துணிக்கடை நடத்தும் குடும்பத்தின் இளையவன் அவன். சரக்கெடுக்கப் புகைவண்டியேறி நாடெல்லாம் சுற்றியவன். அவன் தமையன் வெள்ளைச்சாமி இரண்டாம் கடை ஒன்று திறக்கக் கருதி, பம்பாய், கல்கத்தா, மயிலை ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்து அங்கேயே குடியேறுமாறு பணித்து, அன்று மாலைக்குள் விடை கேட்டிருந்தான். நம் நாயகனோ மூன்றையும் மாறிமாறிப் புகழ்ந்து, மனைவியின் பொறுமையைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"பம்பாய்ல பேரம் முடியுற வேகம் இருக்கே, அடடா! கல்கத்தா பருத்தி இருக்கே, கையில வெச்சா வெச்சதே தெரியாது!"

"நீங்க அங்க துணியோட பேசிக்கிட்டு இருப்பிய. நான் சுவரோடயா பேசுதது? எனக்கு இந்த ஊருதான் வேணும்" என்றாள் சண்முகவடிவு, கண்கள் கலங்க.

அந்நேரத்தில், முன்னே நின்ற ஒருத்தியின் கருநீலச் சேலை அவன் கண்ணில் பட்டது. துணிக்கடைக்காரன் கை சும்மா இருக்குமா? தன்னை மறந்து முந்தானையின் ஓரத்தை இருவிரலால் பற்றி, நெய்த நெருக்கம் காண மெல்லத் தேய்த்தான். அவள் நொச்சிக்குப்பத்து மீன்காரி முனியம்மாள். சுழன்று திரும்பி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இன்னாய்யா, பட்டப்பகல்ல பொம்பள முந்தானியப் புடிக்கிற? கைய ஒடிச்சிருவேன், ஆமா!"

கூட்டம் சூழ்ந்தது, இளைஞர் இருவர் சட்டைக் கையை மடித்தனர்.

சண்முகவடிவு இடையே பாய்ந்தாள். "யக்கா, கோவப்படாதீய! இவிய துணிக்கடைக்காரவிய. ஆளப் பாக்க மாட்டாவ, துணியத்தான் பாப்பாவ. என் கல்யாணத்தன்னைக்கும் என் மூஞ்சியப் பாக்காம கூறைச்சேலையத்தான் தடவிப் பாத்தாவ!"

முனியம்மாள் இருவரையும் உற்றுநோக்கினாள். பின்னர் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், சூழ்ந்தவர்களும் சிரித்தனர்.

"அட, துணிப் பைத்தியமா நீ! எம் பொண்ணுக்கு வைகாசில கல்யாணம். பொடவ எடுக்கணும். உன் கட எங்க கீது நைனா?"

தியாகராய நகர் என்பதே உண்மையான விடை. ஆயினும் அவன் வாயில் வந்தது வேறு.

"இந்தா, இதே தெருவுலதான். வைகாசிக்கு முன்னால தொறந்துருவோம்!"

சொன்ன பின்னரே தான் சொன்னதை அவன் உணர்ந்தான். "நாலு பேரு முன்னால சொல்லிட்டிய, இனி மாத்தப்படாது!" என்று சண்முகவடிவு சிறுமிபோல் கைகொட்டினாள்.

அறிவு சான்றீர், கண்டு வியக்க ஊர்கள் ஆயிரம் உண்டு. நம் பிழையைச் சிரித்துப் பொறுத்து, மறுகணமே நம் வாயிலுக்கு வழி கேட்கும் ஊர் ஒன்று வாய்க்குமாயின், வாழ்வதற்கு வேறோர் ஊரும் வேண்டுமோ!