சுவெட்டர் போட்ட பேய்

நிரஞ்சன் எழுந்தான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். பல் துலக்கினான். தண்ணீர் கொதிக்கும் வரை ஜன்னலருகே நின்று, எதிர்மலையில் மூடுபனி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றி நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பௌர்ணமிப் போயா விடுமுறை, அலுவலகம் இல்லை. இருந்தாலும் சவரம் செய்துகொண்டான். செய்யாவிட்டால், தாடி வளர்க்கிறான் என்று கொட்டகலை பஜாரில் யாராவது பார்த்துச் சொல்ல, மாமியார் மரியநாயகி பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். வந்து எதிரே உட்கார்ந்து, அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள்.

எல்லோரும் கேட்ட கேள்விதான். ரஜனி கடைசியாக என்ன சொன்னாள்? காய்ச்சல் என்று அந்திக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த மனைவி, மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனாள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். செத்த வீட்டில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார்கள். பாதிரியாரும் கேட்டார். அவர்கள் எதிர்பார்த்தது ஒரு செபம், ஓர் ஆசை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை. அப்படி ஒன்றும் அவனிடம் இல்லை. "ஒன்னும் சொல்லல" என்றே எல்லோரிடமும் சொன்னான். அவள் சொன்னது அவனிடம் மட்டும் இருந்தது. அவளுடைய சேலைகளைப் பங்கிட்டாயிற்று. படங்களை எல்லோரும் தங்கள் போனில் வைத்திருந்தார்கள். அவள் படிப்பித்த முன்பள்ளிப் பிள்ளைகள்கூட அவளைப் போலப் பேசிக் காட்டினார்கள். யார் கையும் படாமல் மிஞ்சியது அந்த ஒன்றுதான். வெளியே எடுத்தால் அதுவும் போய்விடும் என்று இருந்தான்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. ரஜனியின் தங்கை கேத்ரின் வந்திருந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவள். கூடப் படித்த றிச்சர்டும் அழகனும் பின்னால் நின்றார்கள். றிச்சர்ட் கையில் போனும் அதைப் பொருத்துகிற முக்காலியும். அழகன் தோளில் ஒரு பழைய கம்பளி, கையில் அரிக்கன் லாம்பு. குறும்படப் போட்டி ஒன்றுக்காகப் பேய்ப்படம் எடுக்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு காட்சி எடுக்கவேண்டும் என்று போன கிழமையே அவள் கேட்டிருந்தாள். அவன் சரி என்றிருந்தான். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வது கொஞ்ச நாளாக அவனுக்கு வசதியாக இருந்தது.

"பேய்ப்படத்தப் போய் பகல்லயா எடுக்குறீங்க?" என்றான்.

"போன்லயே இருட்டாக்கிறலாம் அத்தான். ராத்திரி வந்தா அம்மா வெளக்குமாத்தத் தூக்கிருவாங்க."

கதையை அவளே சொன்னாள். கொழும்பிலிருந்து நாலு பேர் மலைக்கு டிரிப் வருகிறார்கள். தோட்டத்துப் பழைய பங்களாவில் தங்குகிறார்கள். எல்லோரும் பேய்ப்படம் பார்த்தே வளர்ந்தவர்கள். பிரிந்து போகக் கூடாது, சத்தம் கேட்ட பக்கம் போகக் கூடாது, கேலியும் பகிடியும் விடுகிறவன் முதலில் சாவான், தலையை இறுக்கிக் கட்டிய நல்ல பிள்ளை மட்டும் பிழைப்பாள், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. படத்துக்குள்ளேயே அதைப் பேசிக்கொள்கிறார்கள்.

"தெரிஞ்சா தப்பிச்சிருவாங்களே," என்றான் நிரஞ்சன்.

"இல்ல அத்தான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே சாகுறாங்க. அதுதான் கதை."

அழகன் லாம்பைக் கீழே வைத்தான். "எனக்கு என்ன வேசம்னு கேளுங்க அண்ணே. வாச்சர். நம்ம பக்கம் வந்து எடுக்குற எல்லாப் படத்துலயும் நமக்கு இது ஒன்னுதான். கம்பளியப் போத்திக்கிட்டு, 'அங்க போகாதீங்க ஐயா'ன்னு சொல்லிட்டு மொதல்ல செத்துறணும். எங்கப்பா நெசமாவே வாச்சர். இதுவரைக்கும் ஒருத்தன்கிட்டயும் அங்க போகாதீங்கன்னு சொன்னதில்ல. எந்தப் பேயி வந்தாலும் கேட்டத் தெறந்துவிட்டுட்டு சல்யூட் அடிப்பாரு."

"அதத்தானேடா படத்துலயும் வச்சிருக்கோம்," என்றாள் கேத்ரின். "நீ சாக மாட்ட. அவங்க சாகுறதப் பாத்துக்கிட்டு வெத்தல போடுவ."

"இப்ப வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போறவன் திரும்பி வரமாட்டான்னு ஒரு ரூல் இருக்காம் அண்ணே," என்றான் றிச்சர்ட், முக்காலியை விரித்தபடி. "அதையும் வச்சோம்."

"அப்புடிப் பாத்தா எங்க லயத்து வீடுகள்ல ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்," என்றான் அழகன். "கக்கூசுக்குப் போனாலும் போயிட்டு வாறேன்னுதான் சொல்றோம்."

மூவரும் சிரித்தார்கள். நிரஞ்சனும் சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டான். இதே பேச்சை இதே அறையில் அவன் கேட்டிருக்கிறான். ரஜனிக்குப் பேய்ப்படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மழைக்காலத்தில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு, ஒவ்வொருத்தருக்கும் நாள் குறிப்பாள். இவ குளிக்கப் போறா, முடிஞ்சிச்சு. இவன் போன்ல சிக்னல் தேடுறான், அவ்வளவுதான். அவள் சொன்ன வரிசை தப்பியதே இல்லை. நாம் அந்தப் படத்தில் இருந்தால் யார் முதலில் சாவார்கள் என்று ஒருநாள் கேட்டான். "நம்மள எங்க படத்துல சேப்பாங்க? நாம அவங்களுக்கு டீ கொண்டு போய்க் குடுக்குற ஆளுங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க சாக மாட்டீங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் பொலிசுக்கு வாக்குமூலம் குடுக்க ஒரு ஆள் வேணுமே," என்றாள். அக்காளிடமிருந்துதான் தங்கைக்கும் இந்தக் கிறுக்கு ஒட்டியது. ரஜனி தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் கிடந்து பார்ப்பார்கள். மரியநாயகி செபமாலையோடு அடுத்த அறையில் இருந்து ஏசுவாள்.

இன்று எடுக்க வேண்டியது கடைசிக் காட்சி. பங்களாவிலிருந்து தப்பி ஓடி வருகிறவர்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த வீட்டில் மனைவியை இழந்த ஒருவன் இருக்கிறான். கதை இங்கே வந்ததும் றிச்சர்ட் தொண்டையைச் செருமினான்.

"பேய்ப்படத்துல பொண்டாட்டி செத்த ஆள் வந்தா ரெண்டே ரெண்டு வகைதான் அண்ணே. ஒன்னு, அவன்தான் கொலகாரன். இல்லாட்டி அவனுக்கு மட்டும் பேய் தெரியும்."

"நான் எந்த வகை?" என்றான் நிரஞ்சன்.

அழகன் றிச்சர்டின் காலை மிதித்தான்.

"நீங்க நடிக்கணும்னு இல்ல அத்தான்," என்றாள் கேத்ரின். "எங்ககிட்ட பெரியாளு யாரும் இல்ல. நீங்க சும்மா நின்னா போதும்."

"நிக்கிறேன்."

அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். போன கிழமையே அதற்கும் சரி என்றிருந்தான். திரும்பி வந்தபோது ரஜனியின் கத்தரிப்பூ நிறச் சுவெட்டரைப் போட்டிருந்தாள். கீழே பூப்போட்ட நைட்டி. பேய் என்றால் வெள்ளைச் சேலையும் அவிழ்த்த கூந்தலும்தான் என்ற வழக்கத்தை உடைப்பது அவள் திட்டம். இந்தக் குளிரில் பேயும் சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் வரும் என்று அழகனும் ஒத்துக்கொண்டிருந்தான். தவிர, அந்தக் குடும்பத்தில் வெள்ளைச் சேலை என்றால் கல்யாணச் சேலை. ரஜனியை அதில்தான் அடக்கம் செய்தார்கள். சுவெட்டரின் கை கேத்ரினுக்குக் கொஞ்சம் நீளம். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. நிரஞ்சன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சில் ஏதாவது வரும் என்று காத்திருந்தான். களைப்புத்தான் வந்தது.

காட்சி இதுதான். பேய் வாசலில் வந்து நிற்கும். "நான் கடைசியா என்ன சொன்னேன்?" என்று கேட்கும். அவள் சொன்னதை அவன் அப்படியே திருப்பிச் சொன்னால் அது போய்விடும். தவறாகச் சொன்னால் அங்கேயே நிற்கும். எல்லாப் படத்திலும் கடைசியில் இப்படி ஒரு விதி இருக்கும், இது நம்முடையது என்றாள். அவன் சொல்லவேண்டியதையும் எழுதிக் கொடுத்தாள். 'என்னை மறந்திடாதீங்க.'

வெளியே மூடுபனி தேயிலையைத் தாண்டி முற்றம் வரை வந்துவிட்டது. றிச்சர்ட் கையைக் காட்டினான். கேத்ரின் பனிக்குள்ளிருந்து நடந்து வந்து நிலையருகே நின்றாள்.

"நான் கடைசியா என்ன சொன்னேன்?"

"என்னை மறந்திடாதீங்க," என்றான் நிரஞ்சன். அலுவலகத்தில் சுற்றறிக்கை வாசிப்பது போல இருந்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் பீலிங்கா," என்றான் றிச்சர்ட்.

மறுபடி எடுத்தார்கள். பிறகு மறுபடியும். ஒருமுறை வாய் குழறியது. ஒருமுறை கீழே ரோட்டில் பொகவந்தலாவை பஸ் ஹோர்ன் அடித்துக் கெடுத்தது. மற்ற எல்லா முறையும் சொல் சரியாகத்தான் வந்தது. கேட்கக் கேட்க அவனுக்கு யாரோ ஒருத்தியின் வசனமாகத் தெரிந்தது. இன்னும் நாலு தடவை சொன்னால் போதும், ரஜனி இதைத்தான் சொன்னாள் என்று இந்த வீட்டிலேயே நிலைத்துவிடும். மரியநாயகி போனில் பார்ப்பாள். பார்த்து அழுவாள். அவளுக்கு வேண்டியிருந்தது இதுதான். அவளும் அந்தக் கேள்வியை விட்டுவிடுவாள். அவன் தன்னுடையதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வசதியான ஏற்பாடு.

"நான் கடைசியா என்ன சொன்னேன்?"

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடினான்.

கேத்ரின் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பேயின் முகம் கலைந்து அவள் முகம் வந்தது.

"அக்கா இப்புடிப் பேசுவாளா அத்தான்?"

"மாட்டா."

"எனக்கும் தெரியும். வேற என்னா எழுதுறதுன்னு தெரியல." சுவெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள். "ஒன்னும் சொல்லலன்னு அம்மாகிட்ட சொன்னீங்க. அக்கா வாய் ஒரு நிமிசம் சும்மா இருக்காது. மூச்சு இருந்தா பேசுவா. ஒன்னும் சொல்லாமயா போயிருப்பா?"

அவள் எழுதிக் கொடுத்த தாளை அவன் நாலாக மடித்தான்.

"படத்துக்காக இல்ல. படத்துல நான் இதையே வச்சுக்குறேன். எனக்கு மட்டும் சொல்லுங்க. கேவலமா இருந்தாலும் பரவால்ல. என்னைய ஏசியிருந்தாலும் பரவால்ல."

றிச்சர்ட் முக்காலியிலிருந்து போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். அழகன் அவன் முழங்கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப் போனான். இரண்டு பேரும் பனிக்குள் போனார்கள். கொஞ்ச தூரத்தில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது.

நிரஞ்சன் கதவு நிலையில் சாய்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பெரிய விசயம் ஒன்னும் இல்ல கேத்ரின்."

"சரி."

"ஓட்டோவுல கொண்டு போனோம். காய்ச்சல் கொதிக்குது. வழியெல்லாம் ஒன்னும் பேசல. ஆஸ்பத்திரியில தள்ளுவண்டியில படுக்க வச்சாங்க. பொம்பள வார்ட்டு, ஆம்பளைங்க உள்ள வரக் கூடாதுன்னு நர்ஸ் மிஸ்ஸி வாசல்லயே மறிச்சிருச்சு. நான் அப்புடியே நின்னேன். வண்டியத் தள்ளுனாங்க."

நிறுத்தினான். அவள் ஓரடி கிட்ட வந்தாள்.

"கதவுக்கிட்ட போனதும் ஒரு கையை ஊனி எழும்பினா. ஏதோ முக்கியமா சொல்லப் போறான்னு நானும் கிட்ட போனேன். என் மூஞ்சியப் பாக்கல. கீழ என் காலப் பாத்தா. அந்தக் காய்ச்சல்லயும் சிரிப்பு வந்திருச்சு அவளுக்கு."

"என்னா சொன்னா?"

"'என்னங்க, காலப் பாருங்க. ஒத்தச் செருப்பு என்னோடது.'"