வச்சிரம் காயும்வரை

“அம்மிக்கல்லுல கை வைக்காதீக!”

ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கோகிலாம்பாள் போட்ட அதட்டலில், வீட்டுப் பட்டாசாலையில் இருந்த பெண்கள் ஒரு நொடி அழ மறந்தார்கள். கல்லைத் தூக்கக் குனிந்த கொழுந்தன் தங்கசாமி குனிந்தபடியே நின்றான்.

“மதினி, அண்ணனைக் கெடத்த பெஞ்சு வேணும்.”

“பக்கத்து வீட்டுல கட்டில் வாங்கிக்கோங்க.”

“வெறும் காரு பலகைதான இது?”

“இன்னும் காயல.”

வெறும் கார் பலகைதான். மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரரான அவள் புருஷன் காசிராஜன், யாரோ ஒரு ஜமீன் வாரிசு கைகழுவிய பழைய பந்தயக் காரை அறுபத்தெட்டில் வாங்கி, அருப்புக்கோட்டைக்கு ஓட்டி வந்தார். ஓட்டி வந்ததாக அவர்தான் சொல்லிக்கொண்டார். பாலவனத்தத்திலிருந்து மாடு இழுத்து வந்ததை ஊரே பார்த்தது. இரண்டு பேர் உட்காரலாம். மேலே கித்தான் கூரை. இந்தச் சீமையில் மழைக்கா பயப்படப்போகிறோம் என்றார். போன ஐப்பசியில் பரளச்சிக்கு வத்தல் பார்க்கப் போனார். விதைப்புக்குப் பெய்யாத மழை, அவர் காருக்குள் வஞ்சனையில்லாமல் பெய்தது. கதவுகளின் உள்பக்கத்து ஒட்டுப்பலகைகள் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து, பொரித்த அப்பளமாக நெளிந்துவிட்டன.

மேலே ஒட்டியிருந்த ரெக்சினை உரித்து, பலகைகளை நிழலில் உலர்த்தி, இன்று விடியற்காலையில் அவள் பால் காய்ச்சும் சட்டியிலேயே வச்சிரம் காய்ச்சினார். மாட்டுத் தோலில் எடுத்த, தண்ணீர் பட்டால் இளகிவிடும் பசை அது. மழையில் கெட்டதை அதைக் கொண்டு ஒட்ட அவரால்தான் முடியும். ஏடுகளுக்கு நடுவே பூசி, பெஞ்சில் பரப்பி, மேலே அம்மியையும் குழவியையும் ஏற்றி வைத்தார்.

“செத்த மாட்டு நாத்தம் அடிக்குது. வீட்டுல மனுசர் இருக்க வேண்டாமா?” என்று காலையில் அவள் கத்தினாள்.

“சாயந்தரம் வரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்குள்ள தூக்கினா மறுபடி வளைஞ்சிரும். ஒம் பக்கத்துக் கதவுதான் ரொம்ப மோசம்.”

“எம் பக்கமா? நான் என்னைக்கு அதுல ஏறினேன்?”

“ஏறுவ, ஏறுவ. காப்பி கொண்டா.”

காப்பியோடு வந்தபோது பெஞ்சுக் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொண்டுதான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்து, அவள் இன்னும் ரெண்டு வார்த்தை கூடவே திட்டினாள்.

கடைசியில் அவரைக் கட்டிலில்தான் கிடத்தினார்கள். கால் நீட்ட இடம் போதவில்லை. “மனுசன் கட்டில்ல, பலகை பெஞ்சுல” என்று யாரோ முனகியது கோகிலாம்பாள் காதில் விழுந்தது. நீர்மாலை எடுத்து வந்து முற்றத்தில் குளிப்பாட்டியபோதும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாயுமுன் எடுத்துவிட்டார்கள். தெருமுனையில் கொட்டுச் சத்தம் திரும்பியதும், நாத்தனார் அழகுத்தாய் வாளியோடு வந்தாள்.

“எந்திரித்தா கோகிலா. வீட்டைக் கழுவணும்.”

“பெஞ்சுப் பக்கம் வேண்டாம்.”

“சாவு வீட்டுல மூலை விட்டா கழுவுவாக? நல்லாருக்குடி ஒம் பேச்சு.”

கோகிலாம்பாள் பெஞ்சை மறைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். முதல் வாளித் தண்ணீர் முதுகில் அடித்தது. அடுத்ததை அழகுத்தாய் வீசவில்லை. பக்கத்தில் வந்து, கையால் அள்ளி அள்ளித் தரையில் விட்டாள்.

“பாவி மட்ட. என்னைக்காச்சும் அவனை இப்படித் தாங்கியிருக்கியா?” என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வாளியோடு அடுப்படிக்குப் போனாள்.

பொழுது இறங்கியதும், தலை முழுகிவிட்டு வந்த கோகிலாம்பாள் கூந்தலை இறுக்கிப் பிழிந்து முடிந்தாள். வீட்டில் காய்ந்த துணி என்று ஆணியில் தொங்கிய அவர் துண்டு ஒன்றுதான் இருந்தது. வச்சிரம் நாறியது. விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். குழவியை இறக்கினாள். அம்மி அசையவில்லை.

வாசலில் நிழலாடியது. சுடுகாட்டிலிருந்து முழுகிவிட்டுத் திரும்பிய தங்கசாமி, படிக்கு வெளியே நின்றான்.

“ஒரு கை பிடிங்க, கொழுந்தனாரே.”

“நனைஞ்சிருக்கேன் மதினி.”

அவள் துண்டை நீட்டினாள். அவன் அதை வாங்கித் தோளில் போடப் போய், பிறகு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“செத்த பொறுங்க. காத்துல காஞ்சிட்டு வாரேன்” என்றான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகள் உள்ளே ஓடிவிடாமல், காலால் தெருப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே நின்றான்.