யாரும் கத்தாத அவுட்

சுந்தரமூர்த்தி அந்தப் பந்தின் வீடியோவைப் பதினோராவது முறையாக ஓடவிட்டார். மட்டையில் லேசாக உரசி, பின்னால் குந்தியிருந்த கேட்சரின் கையுறைக்குள் போனது. நேராகப் போனதா, தரையில் குத்திவிட்டு நுழைந்ததா? கேட்சரின் முழங்கால் மறைத்தது. சத்தம் கிடையாது. அம்பயர் படத்துக்கு வெளியே நின்றார்.

பெங்களூரு பீன்யாவில் இருபத்திரண்டு வருஷம் பேரிங் வளையங்களை அளந்து நல்லது கெட்டது பிரித்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒன்பது மாதம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபிறகு, நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலை: அமெரிக்க பேஸ்பால் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பந்துக்கும் என்ன ஆயிற்று என்று குறி போடுவது. மூன்று மாதம் சோதனைக் காலம். மூன்று தப்பு அகப்பட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு ஆகிவிட்டது. இரண்டும் இந்தப் பாழாய்ப்போன உரசலில்தான்.

பழக்கதோஷம், வேறென்ன. தொழிற்சாலை கிரிக்கெட் அணியில் பன்னிரண்டு வருஷம் விக்கெட் கீப்பராக நின்றவர். உரசிய பந்து கீப்பர் கையில் நின்றால் அவுட் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். யோசிக்காமல் 'அவுட்' போட்டார். டீம் லீட் லாவண்யா, அவர் மகளாக இருக்கக்கூடிய வயது, அலுத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தாள்.

"சார், இது கிரிக்கெட் இல்ல. உரசி நேரா கைல நின்னா ஆடறவன் பேர்ல ஒரு ஸ்ட்ரைக், ஒரு தப்பு மாதிரி, அவ்ளோதான். ஆட்டம் நிக்காது. ஏற்கெனவே ரெண்டு ஸ்ட்ரைக் இருந்து, இது மூணாவதா இருந்தாதான் அவுட். கைல நிக்காம கீழ பட்டுச்சுன்னா வெறும் ஃபவுல். ரெண்டு இருந்தாலும் பொழச்சிக்குவான், இன்னொரு பந்து ஆடலாம்."

ஒக்கலிபுரம் வீட்டில் மனைவி மரகதம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவருக்குப் பாடம் கேட்டாள்.

"ரெண்டு ஆயிடுச்சு, உரசிடுச்சு, புடிச்சிட்டாங்க?"

"அவுட்."

"விட்டுட்டாங்க?"

"இன்னொரு பந்து."

"அவ்ளோதானேங்க. இதுக்கா இப்படிப் பயப்படறீங்க?"

இப்போது திரையில் இரண்டு ஸ்ட்ரைக் என்று காட்டியது. விதி தலைகீழாகப் பாடம். பிடித்தானா, இல்லையா என்பதுதான் கேள்வி. பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். இப்படி ஒன்றைப் பிடித்திருந்தால் அவர் தரையில் நின்றிருக்கமாட்டார். தொண்டை கிழியக் கத்தியிருப்பார். இவனோ மெதுவாக எழுந்தான், சோம்பலாகப் பந்தை உருவினான். வீடியோ அதோடு முடிந்தது. பிடித்தவன் இப்படியா இருப்பான்? 'ஃபவுல்' போட்டார். கீப்பர் கண்ணுக்குத் தப்புமா என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு லாவண்யா அவர் இடத்துக்கே வந்தாள். வேறொரு கேமராவில் எடுத்த நீளமான வீடியோவை ஓடவிட்டாள். பந்து தரையைத் தொடவேயில்லை. கையுறைக்குள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

"அவன் கத்தவே இல்லையே மேடம்."

"இதுல யாரும் கத்திக் கேக்க மாட்டாங்க சார். கைல நின்னா முடிஞ்சது." அவள் தரையைப் பார்த்தாள். "நான் பேசிப் பாத்தேன் சார். கார்டை மட்டும் குடுத்துடுங்க."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அவள் போய்விட்டாள். ஹெட்போன் மாட்டிய முப்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவருக்கு அவமானமாக இல்லை. பயமாக இருந்தது. நாளைக் காலை குளித்து, சட்டை போட்டுக்கொண்டு எங்கே போவது?

போன் அடித்தது. மரகதம்.

"என்னங்க, வேலை நிரந்தரமான்னு இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னீங்களே?"

"உரசுச்சு" என்றார்.

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"புடிச்சிட்டாங்களா?"

லாவண்யா வீடியோவை நிறுத்தாமலே போயிருந்தாள். திரையில் அந்த ஆட்டக்காரன், யாரும் போகச் சொல்லாமலே, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.