மதுரை லைனை யார் அறுத்தது

1987 ஜனவரியில் எங்கள் நூல் டிப்போவில் ஒரு டெர்மினல் வைத்தார்கள். சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மூலம் டிரங்க் கால் போட்டு, போனை மோடத்தில் இணைத்தால், மதுரைத் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் திரையில் வரும். வந்த நூல் மூட்டை, போன மூட்டை என்று சிப்பக் கணக்கு எல்லாவற்றையும் அதில் பதிய வேண்டும். அது என் வேலை. மார்ச்சிலிருந்து, பாதிப் பதிவில் அது என்னை வெளியே தள்ளிவிடத் தொடங்கியது. மறுபடி கால், மறுபடி காத்திருப்பு.

மோடத்தை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். ஸ்டெபிலைசர் வந்தது. நிற்கவில்லை. சந்தேகப்பட மிஞ்சியவர், எக்ஸ்சேஞ்சில் பகல் டியூட்டி பார்த்த ஆபரேட்டர் ஞானபூரணம். லைனில் பேச்சுக்குரல் இல்லாமல் மோடத்தின் இரைச்சல் மட்டும் கேட்பதால் பிளக்கை உருவிவிடுகிறார் என்று அவருடைய மேலதிகாரிக்குப் புகார் எழுதினேன். பத்தாம் நாள் ஞானபூரணமே போன் செய்தார்.

"மெமோ வந்திருக்கு சார். திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்கலைன்னா தூக்கி ராமநாதபுரத்துல போட்டிருவாவ. ரெண்டு பிள்ளையளும் இங்கன படிக்கி. உங்க கம்ப்யூட்டர் ஊளையிடுததைக் கேக்க எனக்கென்ன ஆசையா? நான் தொடுததே இல்ல."

"பின்ன யாரு கட் பண்ணுதா?"

"அதை மதுரையில கேளுங்க."

போனில் கேட்டேன். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்ட சங்கரநாராயணன் பதிவேட்டைப் புரட்டினார்.

"பத்து நிமிஷம் ஒரு கீயும் அழுத்தலைன்னா மெஷினே லாக்ஆஃப் பண்ணி இணைப்பை முடிச்சிரும் சார். உங்களுக்கு எல்லாத் தடவையும் அதான் ஆயிருக்கு."

"நான் நிறுத்தாமத்தான அடிக்கேன்."

"அப்படித் தெரியலையே."

எனக்குப் புரியவில்லை. மறுநாள், சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்த தங்கப்பழத்தைக் கூப்பிட்டு, கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்காரவைத்தேன். முப்பதாவது சிப்பம் வரை அடித்தேன். முப்பத்தொன்றை அடிக்கப் போனேன். திரை வெறுமையாக இருந்தது.

"பாத்தீங்களா, இப்பத்தான் போச்சு" என்றேன்.

தங்கப்பழம் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "பத்து நிமிசமாச்சு சார். கை கீபோர்டு மேலதான் இருந்துச்சு. அடிக்கல."

"கூப்பிட்டிருக்கலாம்லா?"

"ரெண்டு மட்டம் கூப்பிட்டேன். சரி சரின்னீங்க."

எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மனைவி இறந்தது பிப்ரவரியில். அவளைக்கூட நினைக்கவில்லை.

"இப்படி முன்னாடியும் இருந்திருக்கேனா?"

"டெய்லி இருப்பீங்க. மனக்கணக்குப் போடுதீங்கன்னு நெனச்சோம்."

புகாரைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினேன். எக்ஸ்சேஞ்சில் தவறில்லை, நான் வேலை செய்யாமல் இருந்த நேரங்களில் கம்ப்யூட்டர் தானாக இணைப்பை முடித்திருக்கிறது. விதிப்படி இதன் நகல் எங்கள் தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

தங்கப்பழம் எட்டிப் பார்த்தார். "வேலை செய்யாமன்னு போடணுமா சார்? உடம்பு சரியில்லைன்னு போடுங்க."

"உடம்பு நல்லாத்தான இருக்கு."

கையெழுத்துப் போட்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தேன். ஞானபூரணம் ஒரு காதில் ஹெட்போனோடு அதை இருமுறை வாசித்தார்.

"இதுனால உங்க வேலைக்கு ஒண்ணும் வராதா சார்?"

தெரியவில்லை என்றேன்.