எழுபத்தெட்டு அங்குலம்

அந்த வாரத்தில் ஜூடித் பிரஷா போய்ப் பார்க்கும் மூன்றாவது ஊர் அது. ஏரிப் பக்கமிருந்து காற்றடித்தால் போதும், பனிப்பொழிவில் சாதனை என்று ஒவ்வொரு ஊராக வானிலை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பும். நேரில் போய்ச் சரிபார்ப்பது அவள் வேலை. பெரும்பாலும் 'ஏற்க இயலாது' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

அந்த ஊர்க்காரர் எல்வின் லாபிளான்ட், சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடமாகச் சம்பளமில்லாமல் பனி அளந்து அனுப்புகிறவர். இம்முறை ஒரே நாளில் எழுபத்தெட்டு அங்குலம் என்று அனுப்பியிருந்தார்.

அவர் வீட்டுக் கொல்லையில், பனி விழுந்து சேர்வதற்காகத் தரையில் வைக்கும் அளவுப் பலகை சரியான இடத்தில் இருந்தது. அளவுகோலிலும் குறையில்லை. சமையலறையில் உட்கார்ந்து அவருடைய நோட்டைப் புரட்டினாள்.

"ஒன்பது தடவை அளந்திருக்கீங்களே, சார்?"

"ஆமா. கொட்டுன கொட்டுல பலகையே காணாமப் போயிடும் போல இருந்துச்சு. அளந்தேன், துடைச்சேன், மறுபடி அளந்தேன். பொட்டுக் கண்ணு மூடல."

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் துடைக்கணும். ஒரு நாளைக்கு நாலே தடவை."

"நான் துடைக்கிறேன்னு வானம் கூடுதலாவா கொட்டுச்சு?"

"விழுந்த பனி தன் கனத்துலயே அமுங்கும் சார். அமுங்க விடாம துடைச்சா காத்தையும் சேர்த்து அளந்த மாதிரி."

அடுப்படியில் நின்ற அவர் மனைவி ஐடா பொறுக்கவில்லை. "நாலு தடவைன்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா மனுசா? பெட்ரோல் பங்க்ல நம்ம ஊரு சாதனைன்னு போர்டே வெச்சுட்டாங்க!"

"எழுதியிருந்தா இந்தம்மா நம்பியிருப்பாங்க," என்றார் எல்வின்.

அது உண்மை. வேறு எதை வைத்தும் ஜூடித்தால் கண்டுபிடித்திருக்க முடியாது. அவருடைய நேர்மையே அவரைக் கவிழ்த்துவிட்டது.

"என்னான்னு எழுதப் போறீங்க?" என்று கேட்டார் எல்வின்.

"ஏற்க இயலாதுன்னு."

"அவ்வளவுதானா?"

ஜூடித் பேனாவை எடுத்தாள். "அளந்தவர் எதையும் மறைக்கலன்னும் எழுதுறேன்."

எல்வின் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஜூடித் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது, சாலையைச் சுத்தம் செய்த வண்டி அவள் காருக்குப் பின்னால் ஒதுக்கியிருந்த பனியை அவர் மூச்சிரைக்க அள்ளிக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார், நான் பாத்துக்கறேன்."

"உங்க காரு இங்கயே நின்னா நாளைக்கும் உங்க மூஞ்சியப் பாக்கணுமே!"

சுவரோரம் இன்னொரு மண்வாரி கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டாள். சக்கரம் வெளியே தெரியும்வரை இருவருமாக அள்ளினார்கள்.