சுகிர்தாவை வழியனுப்பினார்கள்

மருமகளை வீட்டைவிட்டு விரட்ட எத்தனையோ வழி உண்டு. கொமாரபாளையத்தில் செல்லியம்மாள் கண்டுபிடித்த வழிக்கு அடி உதை தேவையில்லை, பஞ்சாயத்து தேவையில்லை, போலீசும் வராது. ஒரு விமானச் சீட்டு போதும். பாம்பும் சாக வேண்டும், அடித்த கோலும் முறியக் கூடாது என்பார்களே, அதேதான்.

மருமகள் பெயர் சுகிர்தா. பரமத்திப் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்தவள். பிறந்தது நாமக்கல் அரசு ஆஸ்பத்திரியில், படித்தது இங்கத்துப் பள்ளிக்கூடத்தில், பேசுவது அச்சு அசல் கொங்குத் தமிழ். ஆனால் காகிதத்தில் அவள் நாடு இலங்கை. அந்த நாட்டை அவள் கண்ணால் கண்டதில்லை. அப்பாவும் அம்மாவும் முகாமிலேயே ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனார்கள். தலைமன்னாரில் ஒரு சித்தி இருப்பதாகக் கேள்வி, அவ்வளவுதான்.

செல்லியம்மாளின் தறிப்பட்டறைக்கு நூல் சுற்ற வந்த இடத்தில் மகன் பூபதி அவள்மேல் ஆசைப்பட்டான். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்து, கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். பதிவு மட்டும் செய்யவில்லை. வேறு நாட்டுக்காரி என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். சுகிர்தாவும் சரி என்றாள். அவன் சொன்ன எதற்கு அவள் சரி சொல்லாமல் இருந்தாள்?

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள். பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. அந்த நேரம் பார்த்து செல்லியம்மாளின் அண்ணன் மகள் மோனிஷா படிப்பை முடித்தாள். ஒரே பெண். செல்லியம்மாள் அண்ணன் மகளின் பேச்சை எடுத்தபோது பூபதி முதலில் சண்டை போட்டான். பிறகு பேசாமல் இருந்தான். அதற்கும் பிறகு, செல்போனில் வந்த மோனிஷாவின் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

முகாமை விட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவர்கள் முகாம் பதிவை எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும், மறுபடி வருவதென்றால் விசா வேண்டும், இங்கிருந்து யாராவது கூப்பிட வேண்டும் என்று செல்லியம்மாள் யாரோ சொல்லக் கேட்டாள். கூப்பிட ஆள் இருந்தால்தானே? அன்று சாயங்காலமே மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அங்க போயி உன்ற நாட்டுப் பாஸ்போட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்தீன்னா, கண்ணாலத்தைப் பதிவு பண்ணிப்போடலாம். ரேசன் கார்டுல பேரச் சேத்தரலாம். பூபதியும் கூட வாரான். போன சுருக்குல திரும்பிரலாம் சாமி."

சாமி! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'ஏ புள்ள' என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை. சுகிர்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த இடத்தைக் காட்டினார்களோ அந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். வெளியேற அனுமதி வந்தது, இலங்கைத் தூதரகத்திலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒருமுறை மட்டும் செல்லும் பயணக் காகிதமும் வந்தது. தனக்கும் சேர்த்து பூபதி கொழும்புக்கு டிக்கெட் எடுத்தான். டிக்கெட் இல்லாமல் விமான நிலையத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். போகப்போகாத ஆளுக்கு ஒரு டிக்கெட் தண்டமா என்று செல்லியம்மாளுக்கு அது ஒன்றுதான் வயிற்றெரிச்சல்.

திருச்சி விமான நிலையத்தில் சுகிர்தா எதையும் தொடாமல் நடந்தாள். புதுச்சேலை. பூபதியின் பையும் அவள் கையில்தான் இருந்தது. பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் இரண்டு வரிசை இருந்தது. இந்தியக் குடிமக்கள் ஒன்று, வெளிநாட்டவர் ஒன்று. அவள் புருஷனுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கிருந்த பணியாள் ஒருவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தப் பக்கம் போங்கம்மா" என்றார்.

"நாங்க புருசன் பொண்டாட்டிங்க."

"இருக்கட்டும்மா. இங்க பாஸ்போர்ட்டத்தான் பார்ப்பாங்க."

அவள் பூபதியிடம் பையைக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் நின்றாள். அவள் வரிசையில் ஆளே இல்லை.

கவுன்ட்டரில் இருந்த அதிகாரியின் சட்டையில் அன்பழகன் என்று பெயர் இருந்தது. காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"கொமாரபாளையமுங்க."

"இதுல இலங்கைன்னு இருக்கே?"

"அது காயிதத்துலீங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "போனா இதை வச்சுக்கிட்டுத் திரும்பி வர முடியாது. தெரியும்ல? யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பலையே?"

"ஐயோ, இல்லீங்க சார். எங்கூட்டுக்காரரும் கூட வாராரு. அங்க பாஸ்போட்டு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பிருவோமுங்க. அதோ, நிக்கறாரு பாருங்க, நீலச் சட்டை."

நீலச் சட்டை தனக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. அன்பழகன் முத்திரை குத்தினார். சுகிர்தா அந்தப் பக்கம் போய், புருஷன் வருவதற்காகச் சுவரோரம் நின்றாள்.

முத்திரைச் சத்தம் கேட்டதும் பூபதி அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். செல்லியம்மாள் சொல்லிவைத்தபடி திருப்பிக் கூப்பிட்டாள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினான். அவனைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்டவனாக இருந்திருந்தால் அடித்து விரட்டியிருப்பான், அவளும் முகாமுக்காவது போய்ச் சேர்ந்திருப்பாள். இவன் நல்லவன். அழுகிற முகத்தைப் பார்க்க முடியாத நல்லவன்.

"சுகிர்தா!" என்று கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டான். "அம்மா மயக்கம் போட்டு உளுந்துருச்சாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போறாங்களாம். நீ முன்னால போ. நான் அடுத்த பிளைட்டுக்கு வாரேன்."

அவன் எதிர்பார்த்தது கொஞ்சம் அழுகை, கொஞ்சம் பயம். கிடைத்தது வேறு.

"அத்தைக்கா?" சுகிர்தா ஓடிவந்து கவுன்ட்டரின் பக்கவாட்டில் நின்றுகொண்டாள். "அத்தைக்கு முடியலீன்னா நான் எதுக்குங்க போறது? அங்க யாரு பாப்பாங்க? கஞ்சி காச்சிக் குடுக்கக்கூட ஆளில்லீங்க. சார், சார், நானும் ஊட்டுக்குப் போறனுங்க சார்."

காவலர் ஒருவர் குறுக்கே வந்தார். அன்பழகன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பூபதியைப் பக்கத்தில் அழைத்தார். அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், போனை இறுகப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எத்தனை வருஷமாக முகங்களைப் பார்க்கிற மனிதர். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏம்மா, இங்க பாருங்க" என்றார் சுகிர்தாவிடம், நிறுத்தி நிதானமாக. "இப்பதான் குத்தியிருக்கேன். மேல ஒரு வார்த்தை பேசிட்டு ரத்து பண்ணிடலாம். நீங்க பாட்டுக்கு வெளிய போகலாம். பிளைட் ஏறிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ரத்து பண்ணட்டுமா? நீங்க சொல்லுங்க."

ஒரு 'ஆமாங்க' போதும். அந்த ஒரு வார்த்தையில் செல்லியம்மாளின் இத்தனை மாதத் திட்டமும் தவிடுபொடியாகியிருக்கும். பாவி மகள், அதைச் சொல்லாமல் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கென்னங்க சார் தெரியும்? அவரையே கேளுங்க. அவரு சொல்றாப்புல செய்யுங்க."

அன்பழகன் பூபதியைப் பார்த்தார். "சொல்லுங்க. உங்க சம்சாரம். ரத்து பண்ணட்டுமா?"

பூபதிக்கு, அவள் நூல் சுற்றிக்கொண்டு தலைநிமிராமல் சிரித்த நாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"வேண்டாங்க சார். அவ போகட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"போகட்டுமுங்க."

அன்பழகன் அவனை விட்டுவிட்டார். "அம்மா, அவரு சொன்னதை விடுங்க. உங்க வாயால நீங்க சொன்னாப் போதும்."

"அவரு சொன்னா அதுக்கொரு காரணம் இருக்குமுங்க சார்" என்றாள் சுகிர்தா, அவருக்கு ஆறுதல் சொல்வது போல. பிறகு புருஷனைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "ஏனுங்க, கலங்காதீங்க. அத்தைக்கு ஒண்ணும் ஆவாது. நான் அங்க எறங்குன எடத்துலயே உக்காந்திருக்கறேன், எங்கீயும் போவ மாட்டேன், நீங்க பதட்டப்படாம வாங்க. பையில கட்டுச்சோறு வெச்சிருக்கறேன். வெயிலுக்கு கெட்டுப்போவும், நேரத்தோட தின்னுபோடுங்க."

விமானத்துக்கு அழைப்பு வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். பூபதி கண்ணில் படுகிற வரைக்கும் கையை ஆட்டினாள். அன்பழகன் பூபதியின் பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுக்கவில்லை. மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்.

தொட்டியம் தாண்டியதும் பூபதிக்குப் பசித்தது. காரை ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தச் சொல்லி, பையைத் திறந்து சாப்பிட்டான். புளிசோறு, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். டிரைவருக்கும் கொஞ்சம் கொடுத்தான். பாதி சாப்பாட்டில் அம்மாவின் போன் வந்தது.

"போயிட்டாளா?"

"ம்."

"சத்தம் கித்தம் போட்டாளா? அழுதாளா?"

"அழுதா" என்றான் பூபதி. "உனக்கு ஒடம்புக்கு முடியலீன்னு."

செல்லியம்மாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மோனிஷா வீட்டிலிருந்து எல்லோரும் வருகிறார்கள், வரும் வழியில் முடி வெட்டிக்கொண்டு வா என்றாள்.